அறுபது வயதில் சலூன் செலவு: எதற்குக் கொடுக்கலாம், எதற்கு ஒரு சதமும் கொடுக்கக்கூடாது

அக்கா, நீங்கள் கேட்டதை நான் விளங்கிக்கொண்ட மாதிரி முதலில் ஒருதரம் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு அறுபது வயது. தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், அதாவது வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்க்கிற இடத்தில், வேலை செய்து விலகிவிட்டீர்கள், ஈபிஎஃப் என்கிற ஊழியர் சேமலாப நிதிக் காசு கைக்கு வந்திருக்கிறது. டவுனில் ஒரு சலூனில் தலைக்கு டை, ஆறு தரம் கோல்ட் பேஷியல், முகம் வெளுக்க ஊசி என்று எல்லாம் சேர்த்து ஒரு பெக்கேஜ் சொல்லி முற்பணம் கேட்டிருக்கிறார்கள். மகன், "இந்த வயசுல ஒங்களுக்கு எதுக்கும்மா இந்த மினுக்கு" என்று கேட்டுவிட்டார். தீபாவளிக்கு முன்னால் செய்வதா விடுவதா, இதற்கெல்லாம் செலவு செய்வது சரிதானா என்பது உங்கள் கேள்வி. வாசித்துப் பார்த்தால் அதற்குள் இரண்டு பயம் இருக்கிறது. நாலு பேர் சிரிப்பார்களோ என்பது ஒன்று. கஷ்டப்பட்டுச் சேர்த்த காசை யாரோ ஏமாற்றி வாங்கிவிடுவார்களோ என்பது மற்றது. முதலாவதற்குச் சுருக்கமாகவும் இரண்டாவதற்கு விபரமாகவும் பதில் சொல்கிறேன், ஏனென்றால் நிஜமான ஆபத்து இரண்டாவதில்தான் இருக்கிறது.

நான் ஹட்டனில் இருபது வருசத்துக்கு மேலாகப் பெண்களுக்கான சலூன் நடத்துகிறேன். கண்டியில் படித்து, என்விகியூ என்கிற தேசிய தொழில் தகைமையில் நான்காம் மட்டச் சான்றிதழ் எடுத்தவள். தோட்டத்து லயன் வீட்டில் பிறந்து வளர்ந்ததால் நீங்கள் சொல்லும் வாழ்க்கை எனக்குப் புதிதில்லை. நான் டொக்டர் இல்லை. எந்த இடத்தில் என் வேலை முடிந்து டொக்டரின் வேலை தொடங்குகிறது என்று அங்கங்கே சொல்லிக்கொண்டே போகிறேன், அதைத் தயவுசெய்து கவனித்து வாசியுங்கள்.

ஈபிஎஃப் என்பது மாதா மாதம் உங்கள் சம்பளத்தில் 8 வீதம் வெட்டி, நிர்வாகம் 12 வீதம் போட்டுச் சேர்ந்த காசு. பெண்கள் 50 வயதில் அதை எடுக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. அதில் ஒரு பங்கை உங்கள் தலைக்கும் முகத்துக்கும் செலவழிக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஐயாமார் மீசைக்கு டை அடித்துக்கொண்டு கோவில் கமிட்டிக் கூட்டத்துக்குப் போனால் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை, அம்மா தலைக்கு அடித்தால் மட்டும் வீடே பேசுகிறது. இத்தனை வருசத்தில் எனக்குக் கோபம் குறையாத விசயம் இது. என்னிடம் வருகிற வயதான அக்காமார் நாற்காலியில் உட்கார்ந்ததும் காரணம் சொல்லத் தொடங்கிவிடுவார்கள், பேத்தி பெரியபிள்ளை ஆகிவிட்டாள், கொழும்பில் கல்யாணம், போட்டோ எடுக்கப் போகிறோம் என்று. காரணம் தேவையில்லை அக்கா. ஒரே ஒரு நிபந்தனை: மருந்துக் காசு, வீட்டுக்குக் கொடுக்க வேண்டியது, அவசரத்துக்கு ஒரு தொகை, இந்த மூன்றையும் முதலில் ஒதுக்கிவையுங்கள். நகையை அடகு வைத்தோ மைக்ரோ பைனான்ஸ் கடன் எடுத்தோ சலூனுக்கு வராதீர்கள். உங்கள் மகன் பயப்படுவது அந்தப் பெக்கேஜின் தொகையைப் பார்த்தும் இருக்கலாம். அப்படியென்றால் அவர் பயத்தில் நியாயம் உண்டு.

இனி பெக்கேஜுக்கு வருவோம். அதில் ஊசியை முதலில் வெட்டுங்கள். முகம் வெளுக்க என்று போடுவது பெரும்பாலும் குளுட்டதயோன் ஊசி. தோலை வெளுக்கச் செய்ய என்று எந்த ஊசி மருந்தையும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமான எஃப்டிஏ அங்கீகரித்ததில்லை. இந்த ஊசி அதிகம் புழங்கும் பிலிப்பைன்ஸில் அரசாங்கமே, கல்லீரல், சிறுநீரகம், நரம்பு பாதிக்கப்படலாம், உயிருக்கு ஆபத்தான தோல் ஒவ்வாமையும் வரலாம் என்று மக்களை எச்சரித்திருக்கிறது. என்னைப் போல அழகுக்கலை படித்தவர்கள் யாருக்கும் ஊசி போடக்கூடாது, எங்கள் பயிற்சியில் அது இல்லை. சலூனில் யாராவது ஊசியைக் கையில் எடுத்தால், அவர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்த டொக்டரா என்று கேளுங்கள், பதில் தடுமாறினால் எழும்பி வந்துவிடுங்கள். பிரஷருக்கும் சீனிக்கும் மாத்திரை குடிக்கிற வயதில் சிறுநீரகத்தோடு விளையாடக்கூடாது.

ஊசி வேண்டாம் என்றால் வெளுக்கிற கிரீம் தருகிறோம் என்பார்கள். அதற்கும் ஒரு சதம் கொடுக்காதீர்கள். பெயர் தெரியாத வெளிநாட்டுக் கிரீம்களில் பாதரசம் கலந்தவை இருக்கின்றன. பாதரசம் நிஜமாகவே நிறத்தைக் குறைக்கும், தோலில் நிறம் உண்டாவதையே அது தடுத்துவிடுகிறது, அதனால்தான் பூசியவர்கள் இரண்டு மூன்று வாரத்தில் நம்பிவிடுகிறார்கள். அப்புறம் அது தோல் வழியாக உடம்புக்குள் போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும், கை நடுங்கும், தூக்கம் கெடும், ஞாபகம் குழம்பும். ஒரே துவாயைப் பாவிக்கிற, மடியில் ஏறி உட்காருகிற பேரப்பிள்ளைகளுக்கும் போய்ச்சேரும். பாதரசத்தைக் கட்டுப்படுத்த நாடுகள் சேர்ந்து செய்த மினமாட்டா உடன்படிக்கையின்படி கிலோவுக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் உள்ள அழகுசாதனங்களை 2020ஓடு நிறுத்த வேண்டும் என்றார்கள், 2023இல் எந்த அளவிலும் சேர்க்கக்கூடாது என்று நாடுகள் முடிவெடுத்தன. இருந்தும் சந்தையில் கிடைக்கிறது. கண்டுபிடிக்க ஒரு வழி உலக சுகாதார நிறுவனமே சொன்னது: வெள்ளி, தங்க நகை, அலுமினியம், இறப்பர் ஆகியவற்றில் படாமல் பூசவும் என்று பெட்டியில் எழுதியிருந்தால் சந்தேகப்படுங்கள். செய்த கம்பனியின் விலாசம் இல்லாத பெட்டியை வாங்கவே வேண்டாம்.

இன்னொரு வகை, பார்மசியில் சீட்டில்லாமல் வாங்கும் ஸ்டீரொயிட் கிரீம். பெட்டாமெதசோன், குளோபெட்டசோல் என்று டியூப்பில் இருக்கும். சொறி, எக்ஸிமாவுக்கு டொக்டர் குறிப்பிட்ட நாளுக்குத் தருகிற மருந்து அது. முகத்தில் மாதக்கணக்காகப் பூசினால் தோல் மெலிந்து, கன்னத்தில் சிவப்பு நூல் மாதிரி இரத்தக் குழாய் தெரியும், பரு வரும், நாடியில் முடி வளரும், நிறுத்தினால் எரிந்து சிவக்கும். மங்குக்கு, அதாவது முகத்தில் படருகிற கறுப்புப் படைக்கு என்று பக்கத்து வீட்டில் கொடுத்ததைப் பூசி இப்படி வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்களும் ஏதாவது பூசிக்கொண்டிருந்தால் அந்த டியூப்பையே கையில் எடுத்துக்கொண்டு தோல் கிளினிக்குக்குப் போங்கள். கண்டி தேசிய வைத்தியசாலை போன்ற பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில் அது இலவசம்.

சரி, முகத்துக்கு என்னதான் செய்வது? முதல் செலவு வெயிலுக்கு. குளிராக இருக்கிறது, மிஸ்ட் மூடிக்கிடக்கிறது, நமக்கு எதற்கு சன்ஸ்கிரீன் என்று மலைநாட்டில் எல்லோரும் கேட்கிறார்கள். குளிருக்கும் தோலைக் கெடுக்கிற கதிருக்கும் சம்பந்தமில்லை. நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம், அதோடு ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் அந்தக் கதிர் சுமார் 10 வீதம் கூடுகிறது. நுவரெலியா 1,868 மீட்டர். மெல்லிய மேகமும் அதைப் பெரிதாகத் தடுக்காது. தினமும் சன்ஸ்கிரீன் பூசியவர்களுக்கும் தோன்றினபோது பூசியவர்களுக்கும் நாலரை வருசத்தில் எவ்வளவு வித்தியாசம் என்று ஆஸ்திரேலியாவில் 900 பேர் வரை வைத்து ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள், தினமும் பூசியவர்களின் தோல் மூப்படைவது 24 வீதம் குறைவாக இருந்தது. ஒரு விசயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும், அதில் இருந்தவர்கள் எல்லோரும் 55 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள். அறுபதில் தொடங்கினால் அதே அளவு கிடைக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆனாலும் இருக்கிற மங்கு கறுத்துப் போகாமல் இருக்க இதைவிட நல்ல வழி இல்லை. பெட்டியில் தடுப்பு அளவைக் காட்டுகிற எஸ்பிஎஃப் எண் 30 போதும், காலையில் இரண்டு விரல் நீளத்துக்கு எடுத்து முகத்துக்கும் கழுத்துக்கும் பூசுங்கள். மங்கு உள்ளவர்களுக்குத் தோல் நிறம் கலந்த சன்ஸ்கிரீன் கூடுதல் நல்லது, ஏனென்றால் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் மங்கைக் கூட்டும். குடை பிடிக்க வெட்கப்படாதீர்கள். அப்புறம், எலுமிச்சம்பழத்தை முகத்தில் தேய்த்துவிட்டு வெயிலில் போகாதீர்கள். அந்தச் சாறு வெயில் பட்டால் தோலைச் சுடும், சுட்ட இடம் மாதக்கணக்கில் கறுப்பாகவே நிற்கும்.

இரண்டாவது செலவு ஈரப்பதத்துக்கு, அது மிகக் குறைந்த செலவும்கூட. மாதவிடாய் நின்று முதல் ஐந்து வருசத்தில் மட்டும் பெண்களின் தோலை இறுக்கமாக வைத்திருக்கிற கொலாஜன் என்கிற புரதம் சுமார் 30 வீதம் குறைந்துவிடுகிறது, எண்ணெய்ப் பசையும் வற்றுகிறது. அதற்கு மேல் நாம் விறகடுப்பில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வைத்துக் குளிக்கிறோம், சவர்க்காரமும் தாராளம். ஜனவரி, பெப்ரவரிக் காற்றில் காலெல்லாம் வெள்ளை வெள்ளையாகச் சொரசொரத்து, சொறிந்து புண்ணாகி வருகிறவர்கள் அத்தனை பேர். இளஞ்சூட்டில் குளித்து, ஈரம் காய்வதற்குள் தேங்காயெண்ணெயோ வாசலினோ வாசனையில்லாத சாதாரணக் கிரீமோ பூசினால் பாதிப் பிரச்சினை தீரும். பெரிய விலைக் கிரீம் இந்த வேலைக்குத் தேவையில்லை.

சுருக்கத்துக்கு என்று நிரூபணமான பூச்சு மருந்து ஒன்று உண்டு, ரெட்டினொயிட் வகை. மாதக்கணக்கில் பூச வேண்டும், தொடக்கத்தில் தோல் உரியும், எரியும். அதை எழுதித் தருவது டொக்டரின் வேலை. சுருக்கத்துக்குப் போடுகிற பொட்டொக்ஸ் ஊசியும் டொக்டரின் வேலைதான், அதன் பலன் மூன்று நான்கு மாதத்தில் குறைந்துவிடும், திரும்பத் திரும்பப் போட வேண்டும், அந்த வருசச் செலவைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இப்போது தலைக்கு வருகிறேன். நீங்கள் கேட்டதில் எனக்கு மிகவும் பிடித்தது டைதான், செய்யுங்கள். ஆனால் நிதானமாகச் செய்யுங்கள். கறுப்பு டையில் நிறம் பிடிக்க வைப்பது பாரா-ஃபினைலீன்டயமின், சுருக்கமாக பிபிடி என்கிற இரசாயனம். சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது. போட்ட அன்று ஒன்றும் தெரியாது, அடுத்த நாள், அதற்கடுத்த நாள் தலை அரித்து, காதுக்குப் பின்னால் நீர் வடிந்து, கண் இமை இரண்டும் வீங்கி மூடிப்போகும். பத்து வருசமாகப் போட்டவருக்கும் பதினோராவது வருசம் திடீரென்று வரலாம், அதனால் "எனக்குப் பழக்கம்தான்" என்பது பாதுகாப்பு இல்லை. மூச்சு இறுகினாலோ முகம் வேகமாக வீங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இயற்கை மருதாணி என்று பெட்டியில் போட்டு, தலையைக் கறுப்பாக்கித் தருகிற பவுடர்கள் பலவற்றிலும் இதே பிபிடி இருக்கிறது. சுத்தமான மருதாணி நரையைச் செம்பழுப்பாக்கும், கறுப்பாக்காது. அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

அதனால் என் கடையில் புதிதாக டைக்கு வருகிற யாருக்கும் அன்றைக்கே போட மாட்டேன். காதுக்குப் பின்னால் ஒரு சின்ன இடத்தைத் துடைத்து, பெட்டியில் சொன்னபடி ஒரு பொட்டு வைத்து, 48 மணித்தியாலம் கழித்து வாருங்கள் என்று அனுப்புவேன். தூரத்துத் தோட்டத்தில் இருந்து பஸ் ஏறி வந்தவர்களுக்குக் கோபம் வரும், எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனாலும் அனுப்புவேன். உங்களுக்கு அந்தச் சலூனில் இதைச் செய்யவில்லை என்றால் நீங்களே கேளுங்கள், மறுத்தால் அந்த இடம் வேண்டாம். கைகளில் கறுப்பு மருதாணி போட்டு எப்போதாவது கொப்பளித்திருந்தால் பிபிடி உள்ள எந்த டையும் உங்களுக்கு ஆகாது, முதலிலேயே சொல்லிவிடுங்கள். புருவத்துக்கு டை போடவே கூடாது, கண்ணுக்கு ஆபத்து.

டை ஒரு தடவைச் செலவு இல்லை என்பதையும் யோசியுங்கள். முடி மாதத்துக்கு சுமார் 1 சென்டிமீட்டர் வளரும். ஒன்றரை மாதத்தில் வகிடு வெள்ளையாகத் தெரியும், திரும்ப வேர்ப்பகுதிக்கு மட்டும் போட வேண்டும். முழுத் தலைக்கும் ஒவ்வொரு தரமும் போடச் சொன்னால் அது காசுக்காக. வருசத்துக்கு எட்டுத் தடவை என்று வைத்துக் கணக்குப் பாருங்கள், தாங்கும் என்றால் தொடங்குங்கள். நல்ல கறுப்பைவிட ஒரு படி குறைந்த கரும்பழுப்பு இந்த வயதில் முகத்துக்கு இதமாக இருக்கும், வேர் வளர்ந்தாலும் அவ்வளவு பளிச்சென்று தெரியாது. நரையை அப்படியே விட்டு, நுனியைச் சீராக வெட்டி, எண்ணெய் வைத்து அழகாகக் கொண்டை போட்டு அனுப்பியவர்களும் எனக்கு உண்டு, அவர்களும் கண்ணாடியைப் பார்த்துச் சந்தோசமாகத்தான் போனார்கள்.

தலை கழுவும் பேசினைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், பலருக்கு இது தெரியாது. கழுத்தைப் பின்னால் நன்றாக மடக்கி விளிம்பில் வைத்து நீண்ட நேரம் கழுவினால், வயதானவர்களுக்குக் கழுத்து வழியாக மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் நெருக்கப்படலாம். 1993இல் அமெரிக்காவில் ஒரு நரம்பு வைத்தியர், சலூனில் இப்படித் தலை கழுவியபின் பக்கவாத அறிகுறி வந்த ஐந்து பெண்களைப் பற்றி எழுதினார், அதிலிருந்து இதற்கு 'பியூட்டி பார்லர் ஸ்ட்ரோக்' என்றே பெயர் வந்துவிட்டது. மிக மிக அரிதாக நடப்பது, பயந்து வீட்டில் இருக்க வேண்டாம். கழுத்துக்கு மடித்த துவாய் வைக்கச் சொல்லுங்கள், தலை சுற்றினால் உடனே சொல்லுங்கள், பிரஷர் உள்ளவர்கள் முன்னால் குனிந்து கழுவச் சொல்லலாம். கழுத்தை முறித்து மசாஜ் செய்வதற்கு விடவே வேண்டாம்.

முடி கொட்டுவதைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். வருசக்கணக்கில் கொழுந்துக் கூடைக் கயிற்றைத் தலையில் போட்டவர்களுக்குக் கயிறு கிடந்த இடத்தில் முடி மெலிந்திருப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். இழுத்து இழுத்து வேர் செத்துப்போன இடத்தில் எந்த எண்ணெய்க்கும் முடி முளைக்காது. தலை முழுக்கக் கொட்டுகிறது என்றால் அது வேறு, இரத்தச்சோகையோ தைரொயிட்டோ இருக்கலாம். ஆயிரக்கணக்கில் ஹெயார் ட்ரீட்மென்டுக்குக் கொடுப்பதற்கு முன்னால் ஆஸ்பத்திரியில் ஒரு இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். வயதால் உச்சி மெலிவதற்கு மினொக்சிடில் என்று ஒரு மருந்து இருக்கிறது, பலன் தெரிய நாலு முதல் ஆறு மாதமாகும், நிறுத்தினால் வந்த முடியும் போய்விடும். அதை டொக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

கால். உங்கள் பெக்கேஜில் இது இல்லவே இல்லை, எனக்கு ஆச்சரியமில்லை, ஏனென்றால் காலைப் போட்டோ எடுக்க மாட்டார்கள். ஆனால் அறுபது வயதில் ஒரு நல்ல பெடிகியூருக்குக் கொடுக்கிற காசுதான் எல்லாவற்றிலும் பிரயோசனமானது என்பது என் அபிப்பிராயம். மலையில் வேலை செய்த காலை எடுத்து மடியில் வைத்தால் தெரியும். குதிகால் வெடிப்புக்குள் மண்ணும் கறையும் ஏறிக் கறுப்புக் கோடாக நிற்கும், கணுக்காலைச் சுற்றிப் பழைய அட்டைக்கடித் தழும்பு, கட்டைவிரல் நகம் தடித்து மஞ்சளாகி ஓரம் சதைக்குள் இறங்கியிருக்கும், குனிய முடியாததால் மாதக்கணக்கில் யாரும் வெட்டியிருக்க மாட்டார்கள். அதை இளஞ்சூட்டுத் தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்து, கல்லால் மெதுவாகத் தேய்த்து, நகத்தை நேர்கோட்டில் வெட்டி, யூரியா கலந்த கிரீம் பூசிவிட்டால் அன்றைக்கு ராத்திரியே நடை வேறு மாதிரி இருக்கும். வெடிப்புக்குப் பூசும் யூரியா கிரீம் பார்மசியில் கிடைக்கிறது, இரவில் பூசி மேஸ் (காலுறை) போட்டுக்கொண்டு படுங்கள்.

ஆனால் சீனி வியாதி இருந்தால் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள். காலில் உணர்ச்சி குறைந்திருக்கும், சுடுதண்ணீர் சுடுவதே தெரியாது, சின்ன வெட்டுக்கூட ஆறாத புண்ணாகி விரலை எடுக்க வேண்டிய நிலைமைக்குப் போகும். சீனி வியாதி உள்ளவர்களுக்கு பிளேட் வைத்துச் சுரண்டக்கூடாது, நகத்தடிச் சதையை வெட்டக்கூடாது, ஆணிக்கு என்று விற்கிற அமில பிளாஸ்டர் ஒட்டக்கூடாது. புண்ணோ நிறமாற்றமோ இருந்தால் நான் தொடாமலே கிளினிக்குக்கு அனுப்பிவிடுவேன். யாருக்காக இருந்தாலும் கருவிகள் கிருமி நீக்கியவையா, பிளேட் புதிதா என்று கண்ணால் பாருங்கள், ஒருவர் இரத்தம் பட்ட கருவியால் மஞ்சட்காமாலை பி வகை மற்றவருக்குப் பரவும்.

பேஷியலைப் பற்றி என் தொழிலில் உள்ளவர்கள் சொல்ல விரும்பாததைச் சொல்கிறேன். பேஷியலால் முகம் பளிச்சென்று இருப்பது உண்மை, அது ஒரு சில நாளைக்கு. தேய்த்து, ஈரப்பதம் ஏற்றி, மசாஜில் இரத்தம் ஓடுவதால் வருவது அது. சுருக்கத்தை நிரந்தரமாக எடுக்கும் என்பதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை. தங்கத் தூள் தோலுக்கு மேலேயே இருந்து கழுவும்போது போய்விடும், சாதாரணப் பேஷியலுக்கும் அதற்கும் விலையில் உள்ள வித்தியாசம் முழுக்கப் பெயருக்கு. கொலாஜன் பவுடர் குடிப்பதும் சந்தேகமான பக்கத்தில்தான் இருக்கிறது, நல்ல பலன் என்று சொன்ன ஆய்வுகளில் பலவற்றுக்குக் காசு கொடுத்தவை அதை விற்கும் கம்பனிகளே. இருந்தாலும் பேஷியலை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. வாழ்நாள் முழுக்க மற்றவர் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்த ஒரு பெண், முக்கால் மணித்தியாலம் கண்ணை மூடிப் படுத்து, இன்னொருவர் கையால் தன் முகத்தை மெதுவாகத் தடவிவிடுவதை அனுபவிக்கிறாள் என்றால் அதற்குக் கொடுக்கிற காசு வீணில்லை. எனக்குத் தெரிந்து சிலர் அந்த நாற்காலியில் அழுதிருக்கிறார்கள். ஆறு தரம் கோல்ட் வேண்டாம், விருப்பமான நாளில் ஒரு சாதாரணப் பேஷியல் செய்துகொள்ளுங்கள். பிளீச் வேண்டாம் என்று சொல்லுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், அஸ்பிரின் குடிப்பவர்கள் அதையும் சொல்ல வேண்டும், கரும்புள்ளியை அழுத்தி எடுத்தால் கன்றிப்போகும்.

நாடியில் வருகிற நாலைந்து முரட்டு முடிக்கு நூல் போட்டு எடுப்பது போதும், அது மாதவிடாய் நின்றபின் ஹோர்மோன் மாறுவதால் பலருக்கும் வருவது. லேசர் செய்தால் ஒரேயடியாகப் போய்விடும் என்று காசு கேட்டால், முடி வெள்ளையாக இருந்தால் லேசர் பிடிக்காது என்பதை ஞாபகம் வையுங்கள். லேசர் தேடுவது கறுப்பு நிறத்தை.

சலூனில் தேய்த்துப் போக்க முடியாதவையும் இருக்கின்றன. கழுத்தின் பின்னால் வெல்வெட் மாதிரித் தடித்துக் கறுத்திருந்தால் அது அழுக்கில்லை, பெரும்பாலும் சீனி கூடப் போவதற்கு முன்னறிவிப்பு, இரத்தத்தில் சீனி பாருங்கள். தொட்டால் உணர்ச்சி தெரியாத வெளிறிய படை, ஆறாத புண், அளவோ நிறமோ மாறுகிற மச்சம், இவற்றோடு யாராவது வந்தால் நான் கிரீம் விற்பதில்லை, ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவேன். வெற்றிலை போடும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் பேஷியலுக்கு முன்னால் பல் கிளினிக்குக்குப் போங்கள். வெற்றிலை பாக்கு வாய்ப்புற்றுநோயைக் கொண்டுவரும் என்பதில் சந்தேகமே இல்லை, வாய்க்குள் வெள்ளையோ சிவப்போ படையிருந்தால் அவர்கள் பார்ப்பார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் பல் சுத்தம் செய்வதற்கு நீங்கள் காசு கொடுக்க வேண்டியதில்லை, அதற்கப்புறம் நீங்கள் சிரிக்கும்போது தெரிகிற வித்தியாசத்தை எந்த பேஷியலும் தராது.

ஆகவே தீபாவளிக்கு நீங்கள் செய்யக்கூடியது இதுதான். பெக்கேஜ் வேண்டாம், முற்பணம் கொடுக்காதீர்கள், ஒவ்வொன்றையும் செய்து முடித்தபின் அதற்கு மட்டும் காசு கொடுத்து ரசீது வாங்குங்கள். ஒன்றரை வாரத்துக்கு முன்னால் டை சோதனை, ஒத்துக்கொண்டால் ஐந்தாறு நாளைக்கு முன்னால் டையும் பெடிகியூரும். பேஷியல் வேண்டுமென்றால் மூன்று நாளைக்கு முன்னால், முதல் நாள் வேண்டாம், ஏதாவது சிவந்தால் அடங்க நேரம் வேண்டும். ஊசிக்கு என்று அவர்கள் கேட்ட தொகையில் சன்ஸ்கிரீனும் கால் கிரீமும் பல மாதத்துக்கு வாங்கலாம். போகும்போது கிளினிக் கொப்பியைப் பார்த்து நீங்கள் குடிக்கும் மாத்திரைகளின் பெயரை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். நாற்காலியில் உட்கார வைப்பதற்கு முன்னால் அந்தத் தாளை வாங்கி வாசிக்கிற சலூனில் உட்காருங்கள், வாசிக்க மாட்டேன் என்கிற இடத்தில் உட்காராதீர்கள்.